காற்று குறைந்ததாக நான் எழுதிய ஆண்டு

அந்த அஞ்சலட்டை என் மேசைக்கு வரவில்லை. என்னைத் தாண்டி, என் செயற்பொறியாளரின் மேசைக்குப் போயிருந்தது. ஆவணி மாதத்தில் ஒரு காலை அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, அதை என் பக்கம் நகர்த்தினார். பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நின்றது. 'ஐயா அவர்களுக்கு, எங்கள் ஊர் காற்றுக் கம்பத்தில் மேலே உள்ள கிண்ணம் மாசி மாதம் முதல் சரியாகச் சுற்றவில்லை. காற்று குறையவில்லை. கிண்ணம்தான் குறைவாகச் சுற்றுகிறது. ஆள் வந்து ஏறிப் பார்க்கவும்.' கீழே ஒரு பெண்ணின் பெயர். பெயருக்குக் கீழே இன்னொரு வரி: 'கம்பத்துக் காவலரின் மனைவி. காவல் பார்ப்பது நான்தான்.'

"யாருய்யா இது? உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது சார்" என்றேன்.

அட்டை எழுதிய பெண்ணை எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். மாதத்துக்கு ஒருமுறை அந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் அவர் வீட்டுக் குடத்துத் தண்ணீரைத்தான் குடிப்பேன். அக்கா என்று கூப்பிடுவேன். அந்தக் காலையில் ஒரே சொல்லில் அவரை இல்லாமல் ஆக்கிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைச் சொல்வதற்கு முன், அந்தக் கம்பம் எதற்காக அங்கே நின்றது என்பதைச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கோடை வந்தால் மின்வெட்டு, மழை பொய்த்தால் மின்வெட்டு என்றிருந்த காலம். நிலக்கரி வடக்கிலிருந்து ரயிலிலும் கப்பலிலும் வந்து சேர வேண்டும். அணையில் தண்ணீர் இருந்தால்தான் நீர்மின்சாரம். இந்த இரண்டையும் மட்டும் நம்பி எத்தனை நாள் ஓட்டுவது என்ற கேள்வி மேலிடத்தில் எழுந்து, காற்று, வெயில் என்ற சொற்கள் அலுவலகக் கோப்புகளுக்குள் வரத் தொடங்கியிருந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றாலைகள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தன. இராமநாதபுரம் கடற்கரையிலும் அந்த அளவுக்குக் காற்று இருக்கிறதா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. காற்று வீசுகிறது என்று வாயால் சொன்னால் யாரும் முதல் போட மாட்டார்கள். ஓர் ஆண்டாவது இடைவிடாமல் அளந்து, எண்ணாகக் காட்ட வேண்டும். அதற்காகக் கடற்கரை நெடுக ஆங்காங்கே அளவைக் கம்பங்கள் நட்டார்கள். மாரியூருக்கு மேற்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு மிளகாய்க் காட்டின் ஓரத்தில் நடப்பட்டதுதான் எங்கள் கம்பம்.

இருபது மீட்டர் உயரம். ஏறுவதற்குக் குறுக்குக் கம்பிகள் வைத்த இரும்புச் சட்டம். அது சாயாமல் இருக்க நான்கு பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டியிருக்கும். உச்சியில் மூன்று சிறு கிண்ணங்கள் பூப்போல விரிந்து ஓர் அச்சில் சுற்றும். எவ்வளவு வேகமாகச் சுற்றுகின்றன என்பதை அடியில் பூட்டியிருக்கும் பெட்டிக்குள் ஒரு சிப் பதிவுசெய்துகொள்ளும். மாதம் ஒருமுறை அந்த சிப்பைக் கழற்றிவிட்டுப் புதியது போட்டு, பழையதை அலுவலகத்துக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே அதிலுள்ள எண்களைத் தேதிவாரியாகத் தாளில் எடுப்பார்கள். கம்பத்தின் பாதி உயரத்தில் இன்னொரு கிண்ணத் தொகுதி இருந்தது. அது முதல் வருஷ ஐப்பசிப் புயல் மழையில் உடைந்துபோயிற்று. மாற்றுக் கேட்டு எழுதினோம், வரவில்லை. ஆக, உச்சியில் இருப்பது சொல்வதுதான் கணக்கு. அது பொய் சொன்னால் அதைக் கண்டுபிடிக்க வேறொன்று கிடையாது.

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன். விவசாயக் குடும்பம். டிப்ளமோ முடித்துவிட்டு இந்தத் திட்டத்தில் தற்காலிகக் களப் பணியாளனாகச் சேர்ந்திருந்தேன். ஐந்து கம்பங்கள் என் பொறுப்பு. ஒவ்வொரு மாதமும் கம்பத்தில் ஏறி, கிண்ணத்தைக் கையால் சுற்றிப் பார்த்து, தூசி துடைத்து, படிவத்தில் 'ஏறி ஆய்வு செய்யப்பட்டது, நல்ல நிலை' என்று கையெழுத்திட வேண்டும். ஆனால் எனக்கு உயரம் ஆகாது. பயிற்சியின்போது பாதிக் கம்பத்தில் நின்றுவிட்டேன். மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் இரும்பைக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் தொங்கினேன். கூட இருந்தவர் ஏறிவந்து ஒவ்வொரு காலாகப் பிடித்து இறக்கினார். அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொண்டேன். அதன்பிறகு நான் எந்தக் கம்பத்திலும் ஏறவில்லை. கீழே நின்று பைனாகுலரில் பார்ப்பேன். கிண்ணம் சுற்றும். படிவத்தில் கையெழுத்திடுவேன். இரண்டு வருஷத்தில் எத்தனை படிவம் என்று எண்ணிப் பார்க்க எனக்கு மனம் வந்ததில்லை.

அக்காவின் கதையிலும் ஒரு கையெழுத்து இருந்தது. காவலராக நியமிக்கப்பட்டவர் அவர் கணவர்தான். ஆணை அவர் பெயரில். சேர்ந்த ஆறாம் மாதம் அவர் செங்கல் சூளை வேலைக்குக் கேரளாவுக்குப் போனார். தீபாவளிக்கும் கோயில் கொடைக்கும் வருவார், திரும்பப் போவார். மிளகாய் பறிக்கவும் கரிமூட்டத்துக்கு விறகு வெட்டவும் போய்க்கொண்டிருந்த அக்கா கம்பத்துக் காவலையும் எடுத்துக்கொண்டார். ஆடு வந்து ஸ்டே கம்பியில் உரசாமல் பார்ப்பது, பெட்டிப் பூட்டை எண்ணெய் போட்டுத் துடைப்பது, பையன்கள் கல்லெறியாமல் விரட்டுவது எல்லாம் அவர்தான். மாதச் சம்பளச் சீட்டில் கணவர் பெயரை அவரே எழுதிக் கையெழுத்திடுவார். ஐந்தாவது வரை படித்தவர். எனக்கு அது தெரியும். கண்டுகொள்ளாமல் இருந்தேன். வேலை ஒழுங்காக நடந்தது. அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அவர் செய்துவந்த இன்னொரு காரியத்தை நான் வேடிக்கையாகத்தான் நினைத்தேன். கம்பத்தைச் சுற்றியிருந்த முள்வேலியின் ஒரு மூங்கில் முனையில் பழைய சேலைக் கிழிசல் ஒன்றைக் கட்டியிருந்தார். காலை, மத்தியானம், பொழுதிறங்கும் நேரம் என்று மூன்று வேளையும் அதைப் பார்த்து ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதுவார். துணி சும்மா தொங்கினால் 'தொங்கல்'. லேசாக அசைந்தால் 'ஆட்டம்'. அதற்கு மேல் 'பாதி'. துணி கிடையாக விறைத்து நின்றால் 'நேர்'. கிழிந்துபோகிற மாதிரி அடித்தால் 'படபடப்பு'. ஐந்தே சொற்கள். எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "சும்மா உக்காந்து வானத்தப் பாக்குறதுக்கு இத எழுதுறேன் சார். உங்க பெட்டி எழுதுதுல்ல, நானும் எழுதுறேன்" என்றார்.

இரண்டாம் வருஷம் பங்குனியில் நான் போய்ச் சிப்பை மாற்றி முடித்ததும் அக்கா, "சார், மேல உள்ள கிண்ணம் சொணங்குது" என்றார்.

பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன். சுற்றிக்கொண்டுதான் இருந்தது. "சுத்துதேக்கா" என்றேன்.

"சுத்துது. போன வருசம் துணி நேரா நின்னா கிண்ணம் கண்ணுக்குத் தெரியாது, வட்டமாத்தான் தெரியும். இப்ப துணி நேரா நிக்கிது, கிண்ணம் மூணையும் எண்ணிப்புடலாம் போல இருக்கு."

"கருவிக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிரப் போகுது?" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். சித்திரையிலும் சொன்னார். ஆனியில் சொன்னபோது, "ஒருக்க ஏறிப் பாத்துருங்களேன் சார்" என்று முடித்தார். எனக்குச் சுருக்கென்றது. நான் ஏறுவதே இல்லை என்பதை ஒவ்வொரு மாதமும் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர் ஒருவர்தான். அதற்கு முன் ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. "பாக்கலாம்கா" என்றேன். பார்க்கவில்லை.

ஆடியில் கணக்கு வந்தது. முந்தின வருஷ ஆடியைவிடக் காற்று வெகுவாகக் குறைந்திருந்தது. காற்றாலை விஷயத்தில் இது சாதாரணக் குறை இல்லை. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலிருந்து எடுக்கக்கூடிய சக்தி எட்டு மடங்காகும். அதேபோல வேகம் கொஞ்சம் இறங்கினாலும் மின்சாரம் சரசரவென்று இறங்கிவிடும். முதல் வருஷக் கணக்கு தற்செயல், உண்மையில் இங்கே அவ்வளவு காற்றில்லை என்ற முடிவுக்கு அலுவலகம் வந்தது. அறிக்கையின் முதல் வரைவை எழுதியவன் நான்தான். 'காற்று குறைந்துள்ளது. இவ்விடம் பரிந்துரைக்கத் தக்கதல்ல.' எழுதும்போது அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. வராமல் இல்லை. ஆனால் அதை எழுதினால் ஏன் ஏறிப் பார்க்கவில்லை என்ற கேள்வி வரும். கைவசம் இருக்கும் படிவங்களெல்லாம் பொய் என்று ஆகும். பணி நிரந்தரத்துக்கான பட்டியல் அந்த மாதம்தான் தயாராகிக்கொண்டிருந்தது.

அடுத்த முறை போனபோது, கம்பத்தைக் கழற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி தன் வேலையைப் பற்றியது இல்லை. "அப்ப எங்க தெருவுக்குக் கம்பி வராதா சார்?" என்றார். கம்பம் நட்ட புதிதில், வேலைக்கு ஆள் வர வேண்டும் என்பதற்காக, இங்கே காற்றாலை வந்தால் ரோடு வரும், லைன் வரும், உங்கள் தெருவுக்கும் கரண்டு வரும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னவன் நான். ஊருக்குள் நிலம் வைத்திருந்தவர்கள் தெருவில் மின்கம்பம் எப்போதோ வந்துவிட்டது. கூலிவேலை பார்ப்பவர்கள் இருந்த கடலோரத் தெருவுக்கு அது வரவில்லை. நான் சொன்ன அந்த ஒரு பேச்சை அவர் இரண்டு வருஷம் வைத்திருந்திருக்கிறார். சிப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் அந்த அஞ்சலட்டை வந்தது.

செயற்பொறியாளர் அதைக் கிழித்துப் போடவில்லை. அவர் அதிகம் பேசாத மனிதர். யாரையும் திட்டியும் பார்த்ததில்லை, பாராட்டியும் பார்த்ததில்லை. "நாளைக்கு ஜீப்புல போவோம். ரெண்டு வருசத்துப் பதிவுத்தாள் எல்லாத்தையும் எடுத்துக்க" என்று மட்டும் சொன்னார். சாயல்குடி தாண்டினோம். இருபக்கமும் சீமைக் கருவேலம் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், "காத்து குறைஞ்ச மாதிரி தெரியலையே" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா தெரியாது.

ஜீப் சத்தம் கேட்டு நிலக்காரர் வந்துவிட்டார். கம்பம் நின்றது அவர் காட்டின் ஓரத்தில். காவல் வேலையைத் தன் ஆளுக்குக் கேட்டு முதலிலேயே கிடைக்காத கோபம் அவருக்கு உண்டு. அக்கா மிளகாய்க் காட்டிலிருந்து வந்தார். முக்காடு போட்டிருந்த துண்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "வாங்க சார்" என்று இருவரையும் பார்த்துச் சொன்னார். பழகிய முகத்தைப் பார்த்துச் சொல்வதுபோல என்னிடம் கொஞ்சம் சிரித்தார். செயற்பொறியாளர் ஒருகணம் என் பக்கம் திரும்பினார். தெரியாது என்று நான் சொன்னது எங்கள் இருவருக்கும் நடுவில் அப்போது அப்படியே நின்றது.

"இந்தக் கார்டு எழுதுனது நீங்களா?"

"ஆமா சார்."

"காவலர் எங்க?"

"கேரளாவுல இருக்காரு. ஒண்ணரை வருசம் ஆச்சு. அவரு பேர்ல நான்தான் கையெழுத்துப் போடுறேன். தப்புதான் சார்."

நிலக்காரர் குறுக்கே புகுந்தார். "நான் அப்பவே சொன்னேன் சார். பொம்பளய நம்பி சர்க்காரு சாமானை விட்டா இப்படித்தான் ஆகும். கிண்ணம் சுத்துதா சுத்தலையான்னு இதுக்கு என்ன தெரியும்?"

செயற்பொறியாளர் அக்காவைப் பார்த்து, "இவரு மாசாமாசம் மேல ஏறிப் பாக்குறாரா?" என்று கேட்டார்.

காற்று அடித்துக்கொண்டிருந்தது. வேலியில் கட்டியிருந்த துணி பட்பட்டென்று அறைந்தது. அக்கா தரையைப் பார்த்தார். ஏறுகிறார் என்று சொல்லியிருந்தால் அவர் சொன்ன குறை பொய்யாகும். ஏறவில்லை என்று சொன்னால் நான் போவேன். அக்கா நிமிர்ந்து, "அத அவருகிட்டத்தான் கேக்கணும் சார்" என்றார்.

இதைவிட என்னை யாரும் நெருக்கியதுமில்லை, இதைவிட மரியாதையாக யாரும் நடத்தியதுமில்லை. "இல்ல சார். நான் ஏறுறதில்ல. இதுவரைக்கும் ஒருதடவைகூட ஏறல" என்றேன்.

செயற்பொறியாளர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சரி. இப்ப ஏறு" என்றார்.

ஏறினேன். இடுப்பு வாரைக் கட்டிக்கொண்டு, பார்வையை இரும்பிலிருந்து எடுக்காமல், ஒவ்வொரு குறுக்குக் கம்பியாக எண்ணிக்கொண்டு ஏறினேன். பயிற்சியில் நின்றுபோன உயரம் வந்ததும் கால் நடுங்கத் தொடங்கியது. நடுக்கம் சட்டத்தில் பரவி, சட்டத்திலிருந்து திரும்ப என் உள்ளங்கைக்கு வந்தது. அங்கேயே எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பிறகு ஒரு கை மேலே போயிற்று. அதன் பின்னால் கால் போயிற்று. உச்சிக்கு வந்தபோது வாயெல்லாம் உப்புக் கரித்தது. கண்ணோரத்தில் கடல் பச்சையாகவும், அதற்கு இந்தப் பக்கம் களத்தில் காயப்போட்டிருந்த மிளகாய் சிவப்பாகவும் தெரிந்தன. அதற்கு மேல் பார்க்கத் துணியவில்லை. கிண்ணங்கள் முகத்துக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தன. அச்சின் கழுத்தில் உப்பும் மண்ணும் சேர்ந்து இறுகி, துரு கசிந்து வழிந்திருந்தது. ஒரு விரலை நீட்டினேன். கிண்ணம் எதிர்ப்பே இல்லாமல் நின்றது. என் சட்டை முதுகில் கிழியப் பார்க்கும் காற்றில், விரலை எடுத்த பிறகும் அது யோசிப்பதுபோல நின்றுவிட்டு, பிறகுதான் நகர்ந்தது.

கீழே பார்த்துக் கத்தினேன். காற்று என் சொல்லை அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டது. கையால் காட்டினேன். செயற்பொறியாளர் தலையாட்டினார்.

இறங்கி வந்ததும் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். செயற்பொறியாளர் பதிவுத்தாள்களை ஜீப்பின் முன்பக்கத்தில் பரப்பிக் கல் வைத்தார். அவருடைய கவலை வேறு. கிண்ணம் எந்த நாளிலிருந்து மந்தமானது என்று தெரியாவிட்டால் இரண்டு வருஷக் கணக்கையும் சேர்த்துத் தள்ள வேண்டியதுதான். சரியானது எது, கெட்டது எது என்று பிரிக்க வழியில்லை. "மாசியிலேருந்துன்னு கார்டுல எப்படி எழுதுனீங்க?" என்று அக்காவிடம் கேட்டார். அக்கா வீட்டுக்குப் போய் உரச்சாக்குத் தாளில் சுற்றிவைத்திருந்த நோட்டுகளை எடுத்துவந்தார். மூன்று நோட்டு.

ஒருமணி நேரத்துக்கு மேல் செயற்பொறியாளர் நின்றபடியே அந்த நோட்டுகளையும் எங்கள் தாள்களையும் ஒப்பிட்டார். தேதியை அவர் வாசிக்க, நான் எண்ணைச் சொல்ல, அக்கா தன் சொல்லைச் சொன்னார். முதல் வருஷம் முழுக்க, துணி 'நேர்' என்ற நாளெல்லாம் எங்கள் எண்ணும் மேலே இருந்தது. 'தொங்கல்' என்ற நாளில் கீழே இருந்தது. மாசி நடுவில் ஓர் இடத்தில் பிரிந்தது. அங்கிருந்து துணி 'நேர்', எண் தாழ்வு. துணி 'படபடப்பு', எண் சுமார். நோட்டின் ஓரத்தில் அந்த நாளிலிருந்து அக்கா சின்னதாக ஒரு சொல் கூடுதலாக எழுதியிருந்தார்: 'சொணக்கம்'. செயற்பொறியாளர் எங்கள் தாளில் அந்தத் தேதிக்கு நேராகச் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். "இதுக்கு முன்னாடி உள்ளது நிக்கும். பின்னாடி உள்ளத அடிச்சிரு. புதுக் கிண்ணம் போட்டு இன்னொரு வருசம் அளக்கணும்" என்றார். நிலக்காரர் எப்போது போனார் என்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

கிளம்பும்போது செயற்பொறியாளர் அக்காவிடம், "உங்கள வேலையில வச்சிருக்க முடியாதும்மா. ஆர்டர் உங்க பேர்ல இல்ல. கண்ணால பாத்துட்டு நான் விட முடியாது" என்றார்.

"தெரியும் சார். தெரிஞ்சுதான் எழுதுனேன்."

"அப்புறம் ஏன் எழுதுனீங்க?"

"இல்லாட்டி காத்தே இல்லைன்னு எழுதிட்டுப் போயிருவீகளே."

எனக்கு மெமோ வந்தது. நிரந்தரப் பட்டியலிலிருந்து பெயர் போயிற்று. திரும்ப வர மூன்று வருஷமானது. வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, அதுவும் தள்ளிப்போயிற்று. வேலையிலிருந்து அனுப்பாமல் விட்டதே செயற்பொறியாளர் எனக்குச் செய்த தயவு. அதற்கு அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: ஐந்து கம்பத்திலும் நானே ஏற வேண்டும். ஏறினேன். பயம் போகவில்லை. பயத்தோடு ஏறலாம் என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

அக்காவின் இடத்துக்கு நிலக்காரரின் ஆள் வந்தார். மூன்றாம் மாதமே பெட்டிக்குள் எறும்புப் புற்று இருந்தது. ஸ்டே கம்பியில் மாட்டைக் கட்டிவைத்திருந்தார்கள். செயற்பொறியாளருக்கு எழுதினேன். இந்தமுறை பார்த்ததை அப்படியே எழுதினேன். ஒரு மாதத்தில் புதிய ஆணை வந்தது, அக்காவின் பெயரில். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். வாசித்துக் காட்டப்போனேன். "குடுங்க, நானே பாக்குறேன்" என்று வாங்கி, தன் பெயர் வரும் இடத்தை இரண்டுமுறை வாசித்தார். பிறகு சம்பளச் சீட்டில் கையெழுத்திடும்போது பேனா ஒருகணம் நின்றது. பழக்கத்தில் கணவர் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டிருந்தார். அடித்துவிட்டுப் பக்கத்தில் தன் பெயரை எழுதினார். அந்த அடித்தலுக்கு நானும் பக்கத்தில் ஒரு சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்தேன்.

அந்த வருஷம் முழுவதும் அளந்தோம். காற்று இருந்தது. ஆரல்வாய்மொழி அளவுக்கு இல்லை, ஆனால் தள்ளிவிடக்கூடியதும் இல்லை. அறிக்கையில் இடம் 'பரிந்துரைக்கத் தக்கது' என்று மாறியது. பிறகு கம்பத்தைக் கழற்றினார்கள். அக்காவின் வேலையும் அதோடு முடிந்தது. அவர் திரும்ப மிளகாய்க் காட்டுக்குப் போனார். அவர் தெருவுக்கு மின்சாரம் வந்ததற்கும் நாங்கள் அளந்த காற்றுக்கும் சம்பந்தமே இல்லை. சில வருஷம் கழித்து, வழக்கமான கிராமத் திட்டம் ஒன்றில் அது வந்தது. காற்றாலைகள் அதற்கும் பின்னால், இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்தன. பெரிய பண்ணை எதுவும் இல்லை. எங்கள் கம்பம் நின்ற இடத்துக்குக் கிழக்கே, விளையாத உவர் நிலத்தில், ஏழெட்டு. நிலக்காரர் தன் பங்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு மதுரைக்குப் போய்விட்டார் என்று கேள்வி.

போன ஆடியில், 2009இல், வேறொரு வேலையாகச் சாயல்குடி போனவன் அங்கேயும் போனேன். அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கணவர் ஊரோடு வந்துவிட்டார், மூச்சிரைப்பு, வெளியே அதிகம் வருவதில்லை. காற்றாலைக்குக் காவல் ஆள் எடுத்தபோது அக்கா போய்க் கேட்டிருக்கிறார். பெண்களை எடுப்பதில்லை என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருக்கிறான். "நான் என்ன சொல்லணும் அவன்கிட்ட? இந்தக் காத்தக் கண்டுபிடிச்சதே நான்தான்டான்னா? சிரிப்பான்" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்டு போயிற்று. வாசலுக்கு வந்து நின்றோம். இறக்கைகள் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. "அங்கன சுத்துது, இங்கன இல்ல" என்றார். புகாராகச் சொல்லவில்லை. மின்சாரம் எங்கே போய் எங்கே திரும்பி வருகிறது என்பது அவருக்குத் தெரியும்.

பையில் ஒரு புத்தகம் கொண்டுபோயிருந்தேன். அந்த ஆண்டுகளில் அளந்த இடங்களின் கணக்கையெல்லாம் சேர்த்து ஆங்கிலத்தில் அச்சிட்ட தொகுப்பு. மேலைநாட்டுக்காரர்களும் நம்மூர்க் கம்பெனிக்காரர்களும் அதைப் பார்த்துத்தான் நிலம் தேடி வந்தார்கள். அந்த ஊருக்கான பக்கத்தை எடுத்துக் காட்டினேன். எண்களை அவரே வாசித்தார், மாதம் மாதமாக விரலை வைத்துக்கொண்டு. ஓர் ஆண்டின் பாதியில் வெறும் கோடுகள் இருந்தன. "இது என்ன, ஒண்ணுமே இல்ல?" என்று கேட்டார். அடிக்குறிப்பைத் தமிழில் சொன்னேன்: 'கருவிக் கோளாறு காரணமாக இந்த மாதங்களின் பதிவு நீக்கப்பட்டது.'

"யாரு எழுதுனது இது?"

"நான்தான்கா."

அவர் அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. இருந்தாலும் பார்த்தார். "கருவிக் கோளாறா?" என்றார். "ஏறிப் பாக்காத கோளாறுன்னுல்ல சார் போட்டிருக்கணும்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். உள்ளேயிருந்து அவர் கணவர் என்னவென்று கேட்டார். "ஒண்ணுமில்ல, பழைய கதை" என்று குரல் கொடுத்துவிட்டு, புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உள்ளே போனார். சாப்பிட்டேன். அன்று பிடித்த சூடை மீன், காட்டுமிளகாயின் காரம். பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அச்சேறியதைத் திருத்த முடியாது. அந்தத் தொகுப்பைப் பார்க்கிறவர்கள் அந்த ஆறேழு மாதம் ஒரு கருவி கெட்டுப்போயிருந்தது என்றே நினைப்பார்கள். கெட்டுப்போனது யார், அதைக் கண்டுபிடித்தது யார் என்பதை இங்கே எழுதிவிட்டேன்.